மணற்றேவதையின் அச்சம்: எடித் நெஸ்பிற்றின் சிறுவர் புனைவு பற்றிய ஒரு நோக்கு

சிறுவர் இலக்கியத்தை வர்க்கப் பகுப்பாய்வுக்கு உட்படுத்த முனைவோர் அதில் வரும் மாயப் பிராணிகளிடம் பொதுவாகப் பொறுமை காட்டுவதில்லை. பேசும் பூனையும் வரந்தரும் மீனும் மக்களின் கவனத்தை வாழ்க்கைப் பிரச்சினைகளினின்றும் திசைதிருப்பும் கற்பிதங்கள் எனவும், நிலமானிய காலத்தின் எச்சங்கள் எனவும் ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. அவ்வாறு ஒதுக்குவதற்குச் சில வேளைகளில் தக்க காரணமும் உண்டு. 1697 இல் சார்ள்ஸ் பெரோ வெளியிட்ட தொகுதியிலுள்ள பூட்ஸ் அணிந்த பூனையை எடுத்துக்கொள்வோம். அரசனின் வண்டிக்கு முன்னே ஓடும் அப்பூனை, வயலில் அறுவடை செய்துகொண்டிருப்போரைப் பார்த்து, இந்நிலம் தன் எசமானனுக்கே உரியதென அரசனிடம் கூறாவிடின் அவர்களைக் கொத்திக் கூழாக்கிவிடுவதாக மிரட்டுகிறது. மாவாலைக்காரனின் கடைசி மகன் பிரபுவாகிறான், பூனையும் பிரபுவாகிறது. அறுவடை செய்வோர் கதையின் முடிவிலும் அறுவடை செய்வோராகவே நிற்கின்றனர். தனிமனிதனின் ஏற்றத்துக்காக உழைப்பாளரை அச்சுறுத்தும் இத்தகைய மாயம் பற்றி முற்போக்கு விமர்சனம் கூறியவற்றை மறுப்பதற்கில்லை.

ஆயின் எல்லா மாயப் பிராணிகளையும் இந்த ஒரே தராசில் இட்டு நிறுத்துவது வரலாற்று நோக்கு ஆகாது. ஒரு பிராணி எந்தக் காலத்தில், எந்த வர்க்கத்தின் வீட்டில், யாருடைய வரங்களைக் கேட்டு நிற்கிறது என்பதை நோக்காது அதன் சமூகப் பயனைத் தீர்மானித்தல் இயலாது. இதற்குத் தக்க எடுத்துக்காட்டாக அமைவது எடித் நெஸ்பிற் (1858–1924) படைத்த சமியட் என்னும் மணற்றேவதை. 1902 இல் 'ஸ்ராண்ட்' சஞ்சிகையில் தொடராக வந்து, அவ்வாண்டிலேயே நூலுருப் பெற்ற 'ஐந்து பிள்ளைகளும் அதுவும்' என்னும் கதையில் இது முதலில் தோன்றுகிறது. 1906 இல் நூலாக வந்த 'தாயத்தின் கதை'யில் மீண்டும் முக்கிய இடம்பெறுகிறது.

நெஸ்பிற் வெறுமனே குழந்தைகளுக்கு எழுதிய ஒரு பெண்மணி அல்லர். 1884 இல் பேபியன் சங்கத்தைத் தொடக்கியவர்களுள் அவரும் அவர் கணவர் ஹியூபேட் பிளாண்டும் அடங்குவர். பிளாண்ட் நீண்ட காலம் அச்சங்கத்தின் பொருளாளராக இருந்தார். தமது மகனொருவனுக்குப் பேபியன் என்றே பெயரிட்டனர். குடும்பச் செலவின் பெரும்பகுதியை எழுத்துக் கூலியாற் சுமந்தவர் நெஸ்பிற்றே. ஆகவே அவருடைய மாயம் ஓய்வு வேளையின் பொழுதுபோக்கன்று. மாதந்தோறும் அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய வேலை. சமியட்டும் தனக்கு வேலை வைக்கப்படுவதையிட்டு ஓயாது முறையிடும் பிராணியாகவே படைக்கப்பட்டிருக்கிறது என்பதை வாசகர் மனங்கொள்ளலாம்.

கென்ற் மாவட்டத்தில், றோச்செஸ்ரர் நகருக்கு அண்மையில், பருக்கைக்கல் அகழும் குழியொன்றில் நான்கு பிள்ளைகள் இப்பிராணியைத் தோண்டி எடுக்கின்றனர். ஐந்தாவது பிள்ளை கைக்குழந்தை. நத்தையினுடையவை போல நீண்ட கொம்புகளில் அமைந்து உள்ளே இழுத்துக்கொள்ளத்தக்க கண்கள், வௌவாலின் காதுகள், சிலந்தியினதுபோலப் பருத்து மென்மயிர் போர்த்த உடல், குரங்கின் கைகால்கள். அழகிய இறக்கையும் மந்திரக்கோலும் உடைய விக்ரோறியக் காலத் தேவதைகளோடு இதற்கு எவ்வித உறவும் இல்லை. அதனிடம் இனிமை என்பது மருந்துக்கும் கிடையாது. சிடுமூஞ்சித்தனமும், பழமையின் பெருமையும், ஈரத்தைப் பற்றிய பெரும் பயமுமே அதன் குணங்கள். நாளொன்றுக்கு ஒரு வரம் தரும். சூரியன் மறைந்ததும் அவ்வரத்தின் பயன் மறைந்துவிடும்.

பழைய காலத்தைப் பற்றி சமியட் கூறும் செய்தி மிகவும் சுவையானது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் மணற்றேவதைகள் ஏராளமாக இருந்தன. காலையில் வீட்டுப் பிள்ளைகளை அவற்றிடம் அனுப்பி அன்றைய உணவை வரமாகப் பெறுவது வழக்கம். மெகாதேரியம், இக்தியோசோரஸ் போன்ற இராட்சத விலங்குகளே அன்றைய உணவு. உண்டு மிஞ்சியவை சூரியன் மறைந்ததும் கல்லாகிவிடும். இன்று நூதனசாலைகளிற் காணப்படும் உயிர்ச்சுவடுகள் அந்த எச்சில்களே என்பது குறிப்பு. இந்த நகைச்சுவைக்கு அடியில் ஓர் உண்மை கிடக்கிறது. தேவையின் உலகில் வரம் என்பது சோறு. 1902 இன் மத்தியதர வர்க்கப் பிள்ளைகளுக்கோ சோறு மார்த்தாவின் கையால் மேசைக்கு வந்துவிடுகிறது. ஆதலால் அவர்களுக்கு என்ன கேட்பதென்றே தெரிவதில்லை. வரத்தின் வரலாறு இங்கே உற்பத்தியின் வரலாறாகச் சொல்லப்பட்டுவிடுகிறது. நெஸ்பிற் அதைத் திட்டமிட்டுச் செய்தாரோ இல்லையோ, கதை அதைச் செய்கிறது.

அழகு, பொன், சிறகு, கோட்டை, பேருடல் என்று அவர்கள் கேட்டவை யாவும் துன்பமாகவே முடிகின்றன. இவற்றுட் பொன் பற்றிய அத்தியாயம் தனித்து நோக்கற்பாலது. குழி நிரம்பப் பொற்காசுகள் கிடைக்கின்றன. ஆனால் அவை வழக்கிறந்த பழைய கினிகள். பை கனக்கக் கனக்க நகருக்குச் செல்லும் பிள்ளைகளிடமிருந்து அவற்றை வாங்கிக்கொள்ளக் கடைக்காரர் மறுக்கின்றனர். குதிரையும் வண்டியும் வாங்கச் சென்ற இடத்தில் அவர்கள் பொலீசாரிடமே ஒப்படைக்கப்படுகின்றனர். அழுக்கான கைகளையுடைய பிள்ளைகளிடம் பொன் இருந்தால் அது திருட்டுப் பொன்னாகத்தான் இருக்கவேண்டும் என்பது சந்தையின் தர்க்கம். பொன் தன்னளவிற் பணமன்று, பணம் தன்னளவில் மூலதனமன்று, இவையெல்லாம் மனிதரிடையேயான உறவுகளின் வடிவங்கள் என்று விளக்கப் பொருளியலாசிரியர் பல பக்கங்கள் எழுதவேண்டியிருக்கும். இங்கே பசித்த நான்கு பிள்ளைகள் ஒரு கடைத்தெருவில் நடந்தே அதைக் கண்டுகொள்கின்றனர்.

இக்கதையில் விமர்சகர்கள் போதிய கவனஞ் செலுத்தாத ஓர் அம்சம் பணியாட்களின் நிலையாகும். முதல் நாளிலே அழகு வரம் பெற்ற பிள்ளைகளை அடையாளங் காணாது பணிப்பெண் மார்த்தா வீட்டினுள் விட மறுத்துவிடுகிறாள். மறுநாள் அவர்கள் செய்யும் முதற்காரியம், வரங்களின் விளைவுகளைப் பணியாட்கள் கவனிக்கலாகாது எனக் கேட்டுப் பெற்றுக்கொள்வதே. அதாவது மாயம் எசமானர் வீட்டுப் பிள்ளைகளின் தனிச்சொத்தாகச் சட்டமாக்கப்படுகிறது. வீடு முற்றுகைக்குள்ளான கோட்டையாக மாறிய நாளிலும் மார்த்தா வழமைபோல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு அங்கே கோட்டையும் இல்லை, முற்றுகையும் இல்லை. வேலைக்காரிக்குக் கற்பனை மறுக்கப்பட்டுவிட்டது என்று இதை வாசிக்கலாம். அவ்வாசிப்பு சரியானதே.

ஆனால் அதனோடு நின்றுவிடலாகாது. பொற்காசுகள் பற்றிய வழக்கில் எல்லோரும் பொன்னைப் பார்த்துக்கொண்டிருக்க, மார்த்தாவின் கண்ணுக்குத் தெரிவன பிள்ளைகளின் அழுக்குக் கைகள் மட்டுமே. கைக்குழந்தை திடீரென மீசையும் சைக்கிளும் உடைய, கழகங்களுக்குச் செல்லும் கனவான் இளைஞனாக வளர்ந்துவிட்ட அத்தியாயத்தில், மார்த்தா அவ்விளைஞனைக் கொஞ்சித் தூக்கிக்கொண்டு போகிறாள்! அவளுக்கு அவன் அழுக்கான, பசித்த குழந்தை. மாயம் அவளை ஏமாற்றுவதில்லை. குழந்தையைக் குளிப்பாட்டி, உணவூட்டி, உறங்கவைப்பவளின் பார்வையிலிருந்து அக்குழந்தையின் உண்மையான தேவையை எந்த வரத்தாலும் மறைத்துவிட முடியவில்லை. உழைப்பவளுக்கு மறுக்கப்பட்ட கற்பனை, அவளிடத்தில் மெய்க்காட்சியாக நின்றுவிடுகிறது. இந்நூலின் மிகச் சிறந்த நகைச்சுவை இதுவே என்பது என் கருத்து. நெஸ்பிற் இதன் முழுப் பொருளையும் உணர்ந்திருந்தார் என்று நான் வாதிடவில்லை. பிற இடங்களிற் பணியாட்களை அவர் சித்திரிக்கும் முறையில் எசமானியின் ஏளனம் வெளிப்படையாகவே உண்டு.

இனி, கடைசி வரத்துக்கு வருவோம். அண்டை வீட்டுச் சீமாட்டி ஒருத்தியின் நகைகள் தங்கள் தாய்க்குக் கிடைக்கவேண்டுமென ஜேன் வாய்தவறிக் கூறிவிடுகிறாள். நகைகள் தாயின் அறையில் வந்து கிடக்கின்றன. திருட்டுப் பொருளென உணர்ந்த தாய் யாரைச் சந்தேகிக்கிறாள்? மார்த்தாவை மணக்கவிருக்கும் வேட்டைக்காவலனை. அவன்மீது குற்றஞ் சுமத்த இருக்கும் ஒரே ஆதாரம், மார்த்தாவுக்கு உதவியாக அவ்வறையின் யன்னல்களைக் கழுவிக் கொடுத்தமை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையொன்றின் கவனமற்ற ஒரு சொல், உழைப்பாளி ஒருவனைச் சிறைக்கு அனுப்பும் கட்டத்துக்கு வந்துவிடுகிறது. அவனைக் காப்பாற்றுவதற்காகவே பிள்ளைகள் சமியட்டிடம் சென்று, ஒரே நாளிற் பல வரங்களை இரந்து கேட்கின்றனர்.

சமியட் உடன்படுகிறது, ஆனால் நிபந்தனையொடு. இனிமேல் தன்னிடம் எதுவும் கேட்கக்கூடாது. தன்னைப் பற்றி வளர்ந்தவர் எவரிடமும் கூறக்கூடாது. ஏன் என்று பிள்ளைகள் வினவ, அது தன் அச்சத்தை வெளியிடுகிறது. வளர்ந்தவர்கள் அறிந்தால் விளையாட்டான வரங்களைக் கேட்கமாட்டார்கள். சூரியன் மறைந்த பின்னரும் நிலைத்து நிற்கத்தக்கவற்றைக் கேட்டு, அவற்றைப் பெற்றுக்கொள்ள ஏதேனும் வழி கண்டுபிடித்துவிடுவர். அவ்வாறு அவர்கள் கேட்கக்கூடியனவாக அது எண்ணுபவை நான்கு: வளர்வீத வருமான வரி, முதியோர் ஓய்வூதியம், ஆண்கள் அனைவர்க்கும் வாக்குரிமை, இலவச இடைநிலைக் கல்வி. இவையெல்லாம் சுவையற்ற விடயங்கள் என்பது சமியட்டின் தீர்ப்பு. அவை கிடைத்து, கிடைத்தவாறே நிலைத்தும்விட்டால் உலகம் தலைகீழாகிவிடும் என்பது அதன் நடுக்கம்.

இப்பட்டியல் வானத்திலிருந்து விழுந்ததன்று. யோர்க் நகர மக்களில் ஏறத்தாழ 28 சதவீதத்தினர் வறுமையில் வாழ்கின்றனர் என சீபோம் றவுண்ட்றி கணக்கிட்டு வெளியிட்டது 1901 இல். தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழு உருவானது 1900 இல். தொழிற்சங்க மேடைகளிலும் பேபியன் பிரசுரங்களிலும் அன்றாடம் பேசப்பட்ட கோரிக்கைகளே சமியட்டின் வாயில் வருகின்றன. முதியோர் ஓய்வூதியச் சட்டம் 1908 இல் நிறைவேறி, 1909 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் எழுபது வயதைக் கடந்த வறியோருக்கு வாரத்துக்கு ஐந்து சிலிங் வரை வழங்கப்பட்டது. உயர் வருமானங்கள்மீதான மேலதிக வரி 1909 வரவுசெலவுத் திட்டத்தில் வந்தது. அதனைப் பிரபுக்கள் சபை நிராகரித்ததாற் பெரும் அரசியல் நெருக்கடியே மூண்டது. இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கான வாக்குரிமை 1918 இலும், இலவச இடைநிலைக் கல்வி 1944 இலும் கிட்டின. தமிழில் வரம் என்பதற்கும் கோரிக்கை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிவோம். முன்னையது தனியொருவர் தவத்தின் பேறு; கொடுத்தவர் மீட்டுக்கொள்ளவும் கூடும். பின்னையது பலர் கூடி எழுப்புவது. அவ்வேறுபாட்டை வேறெவரையும்விடத் தெளிவாக உணர்ந்திருப்பது வரங்கொடுக்கும் பிராணியே என்பதில்தான் நெஸ்பிற்றின் கூர்மை இருக்கிறது. பழைய ஒழுங்கின் பிரதிநிதியாகிய சமியட்டின் பயமே அக்கோரிக்கைகளின் வலிமைக்குச் சான்றாகிறது.

(பட்டியலில் வாக்குரிமை ஆண்களோடு நின்றுவிட்டமையும் கவனிக்கத்தக்கது. குடும்பத்தைத் தன் உழைப்பாற் தாங்கிய நெஸ்பிற் பெண்கள் வாக்குரிமை இயக்கத்துக்கு ஆதரவு நல்கியவரல்லர்.)

பேபியன்வாதத்தின் எல்லைகளையும் இவ்விடத்திற் சுட்டாதிருக்க முடியாது. 1893 இல் சோர்கேக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ், சமூகப் புரட்சி தவிர்க்கவியலாதது என்பதை உணருமளவுக்கு அறிவு படைத்தும் அப்பெரும் பணியைப் பாட்டாளி வர்க்கத்திடம் ஒப்படைக்க மனமற்றவர்கள் எனப் பேபியன்களைக் கண்டித்தார். சமியட் அஞ்சும் நான்கும் உற்பத்திச் சாதனங்களின் உடைமையைத் தொடுவனவல்ல. தொழிலாளர் இவற்றுக்காகப் போராடும் காட்சியும் நூலில் இல்லை; 'வளர்ந்தவர்கள்' என்னும் வர்க்கமற்ற சொல்லே அவர்களது இடத்தை நிரப்புகிறது.

'தாயத்தின் கதை' இக்குறையை ஓரளவு உணர்ந்த நூலாகும். இங்கே சமியட் இலண்டன் நகரில், பிராணிகள் விற்கும் கடையொன்றின் கூண்டில், சொறிபிடித்த குரங்கெனக் கருதப்பட்டு விலைக்கு நிற்கிறது. வரந்தரும் தெய்வமே சந்தைப் பண்டமாகிவிட்ட காட்சி இது. பிள்ளைகள் அதனை வாங்கி மீட்கின்றனர். பண்டைய எகிப்துக்குச் செல்லும் அவர்கள் அங்கே தொழிலாளர் கூட்டமொன்றில் ஒருவன் உரையாற்றுவதைக் கேட்டு, இதே பேச்சை ஹைட் பார்க்கிற் கேட்டிருக்கிறோமே என வியக்கின்றனர். பபிலோனிய அரசி இலண்டனுக்கு வந்து, கிழக்குப் பகுதியின் தெருக்களிற் காணும் மக்களைப் பார்த்து, உங்கள் அடிமைகள் இவ்வளவு மெலிந்தும் கவனிப்பாரற்றும் இருப்பதேன் என்று கேட்கிறாள். அவர்கள் அடிமைகளல்லர், தொழிலாளர் என்னும் விடையை அவள் ஏற்பதில்லை; அடிமையின் முகம் தனக்குத் தெரியாதா என்பது அவள் வாதம். பிறகு ஏன் அவர்கள் கிளர்ந்தெழவில்லை என்றால், அவர்களுக்கு வாக்கு உண்டே என்கிறான் சிறில். அதைக் கொண்டு என்ன செய்வார்கள் என்று கேட்க, ஒன்றுஞ் செய்வதில்லை என்கிறான். அப்படியானால் அது ஒருவகை விளையாட்டுப் பொருள் என அரசி முடிவுசெய்கிறாள்.

1902 இல் சமியட்டை நடுங்கவைத்த வாக்கு, நான்கு ஆண்டுகளுக்குள் விளையாட்டுப் பொருளாகிவிட்டது. இதனை ஆசிரியரின் முரண்பாடு எனக் கொண்டு விட்டுவிடுவது எளிது. உண்மையில் இரண்டு கூற்றும் ஒருங்கே வாசிக்கப்படவேண்டியவை. கோரிக்கையாக இருக்கும்போது ஆள்வோரை நடுங்கவைக்கும் வாக்கு, அமைப்பற்றவரின் கையிற் பேசாப் பண்டமாகக் கிடக்கிறது. இதே நூலில் அநாதைச் சிறுமி ஒருத்தி தொழிலில்லத்துக்கு அனுப்பப்படவிருக்கும் செய்தியைக் கேட்ட சமியட், பாதிப் பிள்ளைகளுக்கு இடமில்லாதவாறு நாட்டைக் குழப்பி வைத்திருக்கிறீர்களே எனச் சீறுகிறது. பழமைவாதியான பிராணியே இப்போது குற்றஞ்சாட்டும் நீதிபதி.

அரசியின் இலண்டன் வருகை பங்குச்சந்தைத் தெருவில் முடிகிறது. அவளது காவலர் அங்குள்ளோரை வெட்டி வீழ்த்துகின்றனர். பின்னர் எல்லாம் கனவாக்கப்படுகிறது. நிதிமூலதனத்தின்மீது ஆசிரியர் கொண்ட வெறுப்பு இங்கே வெளிப்படுகிறது எனச் சிலர் மகிழக்கூடும். நான் மகிழவில்லை. பங்குத் தரகர்களை யூதப் பெயரும் கொச்சை உச்சரிப்பும் உடையவராகத் தீட்டியிருக்கிறார் நெஸ்பிற். முதலாளித்துவத்தின்மீது எழவேண்டிய கோபம் ஓர் இனத்தின் மூக்கின்மீதும் நாவின்மீதும் திருப்பப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் அத்திருப்பம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அறிந்த நாம் இதனைக் குழந்தைக் கதையின் குறும்பென விட்டுவிடலாகாது. வர்க்கத்தை உறவாகக் காணாது ஆளாகக் காணும் சோஷலிசத்தின் விளைவு இது. எதிர்கால இலண்டனைக் காட்டும் அத்தியாயத்திலும் இதே குறையின் மென்மையான வடிவம் உண்டு. தேம்ஸ் நதி தெளிந்து ஓடுகிறது. குப்பை போட்டமைக்காக ஒரு நாள் பாடசாலைக்கு வரக்கூடாதெனத் தண்டிக்கப்பட்ட சிறுவன் அழுகிறான். அவன் பெயர் வெல்ஸ், பெரிய சீர்திருத்தவாதி ஒருவரின் நினைவாக இடப்பட்டது. எச்.ஜி.வெல்ஸுக்கான நட்பார்ந்த வணக்கம். அழகிய உலகம், எவருடைய போராட்டத்தால் அது வந்தது என்பதற்குத்தான் பக்கம் ஒதுக்கப்படவில்லை.

சமியட்டின் பட்டியல் எமது நாட்டு வரலாற்றோடும் ஓரிடத்திற் தொடர்புறுகிறது. நெஸ்பிற்றின் பேபியன் தோழர் சிட்னி வெப், பாஸ்பீல்ட் பிரபுவாகக் குடியேற்றநாட்டு அமைச்சர் பதவி வகித்த காலத்திலேயே டொனமூர் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து, 1931 இல் இலங்கையர் சர்வசன வாக்குரிமை பெற்றனர். உள்ளூர்க் கனவான் அரசியல்வாதிகளுட் பெரும்பாலோர் சமியட்டைப் போலவே அதனைக் கண்டு அஞ்சினர். அதனைக் கோரி நின்றது ஏ.ஈ. குணசிங்கவின் தொழிற்சங்க இயக்கம். கோரிய குரலை மறந்து, வெள்ளையர் தந்த வரமென்று அதனைப் பேசும் வழக்கம் பின்னர் நிலைபெற்றது. வதிவிட நிபந்தனைகளால் முன்னரே கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோதிலும், 1947 தேர்தலில் தம் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகத் தோட்டத் தொழிலாளர், 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் 1949 ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டத்தாலும் அவ்வாக்கைப் பெரும்பாலும் இழந்தனர். அவர்களுள் எஞ்சியோரின் நாடற்ற நிலை சட்டப்படி நீங்க 2003 வரை செல்லவேண்டியதாயிற்று. பெறுவதோடு வைத்திருப்பதையும் சேர்த்தே சமியட் அஞ்சியது ஏன் என்பதைக் கென்ற் மாவட்டத்துப் பிள்ளைகளைவிட இத்தொழிலாளர் நன்கறிவர்.

இனி, பருக்கைக்கற் குழிக்குத் திரும்பினால், அந்தக் கடைசி உடன்படிக்கையின் விலை யாது என்ற வினா எஞ்சுகிறது. பிள்ளைகள் வாக்குக் கொடுக்கின்றனர், வளர்ந்தவரிடம் சொல்வதில்லை. ஆசிரியரோ அப்பட்டியலை, குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் ஒரு சஞ்சிகையில் அச்சிட்டுவிடுகிறார். பிள்ளைகள் காத்த இரகசியத்தை அவர்களுக்குக் கதை படித்துக் காட்டும் பெரியவர்களிடமே அவர் சேர்ப்பித்துவிட்டார் என்று கருத இடமுண்டு. ஆனால் கதைக்குள் நிகழ்வது வேறு. நகைகள் தொலைந்ததே இல்லையென ஆகிறது. தாயின் நினைவிலிருந்து வைரங்களும் சந்தேகமும் அகற்றப்படுகின்றன. வேட்டைக்காவலன் மார்த்தாவை மணப்பதற்கு இனித் தடையில்லை. அவன் குற்றவாளியல்லன் என்று மட்டும் எவரும் சொல்லவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டதே எவருக்கும் நினைவில்லை.